மண்ணச்சநல்லூர் முன்னேற்றப் பலகை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். மண்ணச்சநல்லூரில் கண்ட்ராக்டர் அழகிரி நிறுவிய 'முன்னேற்றப் பலகை'யைப் பார்த்திருந்தால், அந்த ஆள் வெட்கப்பட்டுச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பான்.

நாடெங்கும் ஐந்தாண்டுத் திட்டம் நடந்த காலம். அழகிரிக்குக் கிடைத்தது ஒரு பிரசவ விடுதி கட்டும் வேலை. மேஸ்திரி மருதையைக் கூப்பிட்டு, "இனிமே நீ மேஸ்திரி இல்லப்பா. 'முன்னேற்ற அலுவலர்'. பலகையைப் பார்த்துக்கறதுதான் உன் வேலை" என்றார். மருதைக்குப் புல்லரித்துவிட்டது. கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தான். சம்பளம் மட்டும் இன்னும் மேஸ்திரியாகவே இருந்தது.

அந்தக் கட்டடம் எழும்ப வேண்டிய அவசரம் அவன் வீட்டிலேயே இருந்தது. மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு ஐப்பசியில் பிரசவம். தலைச்சன் பிரசவத்துக்குத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகையில், கொள்ளிடம் பாலத்தின் நடுவே வண்டி அச்சு முறிந்து அவள் பட்ட பாட்டை மருதை இன்னும் மறக்கவில்லை. "புது விடுதியில முதல் கட்டில் உனக்குத்தான்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

பலகையில் அஸ்திவாரம், சுவர், கூரை, கிணறு என்று வேலைக்கு ஒரு வரி. எதையும் நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும் என்பது அழகிரியின் 'நிர்வாகக் கொள்கை'. ஸ்ரீரங்கத்து ஜோசியர் நேரம் குறித்துத் தருவார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியதும் கொத்தனார் சவரிராயன் இரண்டு செங்கல் வைப்பார். மருதை 'தொடங்கியது' என்று கொட்டை எழுத்தில் எழுதுவான். அதற்குள் அடுத்த வேலைக்கு நல்ல நேரம் வந்துவிடும். எல்லோரும் அங்கே ஓடுவார்கள்.

"சுவரு இடுப்பளவுல நிக்குதுங்க. முடிச்சிட்டுப் போயிடலாங்களா?" என்று சவரிராயன் ஒருநாள் கேட்டார்.

"முடிக்கறதுக்குப் பஞ்சாங்கத்துல நேரம் போட்டிருக்கா?" என்றார் அழகிரி.

சவரிராயன் வேதக்காரர், மாதாகோயிலுக்குப் போகிறவர். பஞ்சாங்கத்தோடு அவருக்கு என்ன தகராறு? அடுத்த தேங்காயைப் பார்க்கப் போனார். அந்த மாதங்களில் ஆட்கள் வீட்டில் சட்னிக்குப் பஞ்சமே இல்லை.

அரசாங்க மேலதிகாரி பார்வையிட வந்தார். எல்லா வரியிலும் 'தொடங்கியது' என்று கண்டு உருகிப்போனார்.

"கட்டடத்தையும் பாக்கறீங்களா சார்?" என்று மருதை பணிவாகக் கேட்டான்.

"அதான் இங்கேயே தெளிவா இருக்கேப்பா" என்றவர், இப்பேர்ப்பட்ட பலகை மழையில் நனையலாகாது என்று உத்தரவு போட்டார். பலகைக்கு ஓர் அறை கட்டினார்கள். அது பலகையில் இல்லாத வேலை என்பதால் நேரம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சவரிராயன் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, கதவு மாட்டி, வெள்ளையும் அடித்துவிட்டார்.

மறுநாள் சோற்றுத்தூக்கோடு வந்த வள்ளிக்கண்ணு விடுதிச் சுவர்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, கூரை எங்க?"

"தொடங்கிடுச்சு வள்ளி."

"எங்கன்னு கேக்கறேன்."

"பலகையில."

"அப்ப மழை வந்தா நான் பலகைக்குள்ள போய்ப் படுத்துக்கவா?"

மருதைக்கு முதன்முறையாகப் பலகைமேல் சந்தேகம் வந்தது. அலுவலர் ஆயிற்றே, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சோறு கொண்டுவந்த இடத்திலேயே வள்ளிக்கண்ணுவுக்கு வலி கண்டுவிட்டது. கொள்ளிடத்தில் வெள்ளம், வண்டிக்காரன் பாலத்தைத் தாண்ட மாட்டேன் என்றான். கட்டடம் முடியுமுன்பே அரசாங்கம் அனுப்பிவைத்திருந்த நர்ஸ் செல்வமேரி சுற்றிலும் பார்த்தார். இடுப்பளவுச் சுவர்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு கிணறு. கூரை என்று இருந்தது ஒன்றே ஒன்று.

"அந்தப் பலகையைத் தூக்கி வெளிய போடுங்க" என்றார்.

"நனைஞ்சிடுமேம்மா" என்று பதறினார் அழகிரி.

முன்னேற்ற அலுவலர் மருதையே முன்னால் போய்ப் பலகையைத் தூக்கினான். சேற்றில் சாய்ந்து கிடந்த அதன்மேல் மழை அடித்தது. 'தொடங்கியது' எல்லாம் வெள்ளையாகக் கரைந்து வாய்க்காலில் ஓடியது. உள்ளே பெண் குழந்தை வீறிட்டது. மருதை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

குடையோடு வந்த அழகிரிக்கும் கண் கலங்கிவிட்டது. மனிதர் நல்லவர்தான்.

"நம்ம விடுதியில முதல் பிரசவம். நேரமும் நல்ல நேரம்தான். பலகையைத் துடைச்சு, முதல் வரியா உன் பிள்ளையை ஏத்திடு மருதை."

மருதை மகளை மார்போடு சேர்த்துக்கொண்டான்.

"வேணாங்க முதலாளி. பலகையில ஏறினது எதுவும் வளந்து நான் பாத்ததில்லை."