ஈசானிய மூலையில் செலவு

“செலவு ஈசானிய மூலையில உக்காந்துகினு கீது. அப்பறம் எங்கருந்து கடை உருப்படும்?” என்றார் வாஸ்து தசரதன்.

குரோம்பேட்டையில் குழாய்க்கடை வைத்திருக்கும் குப்புராஜ் அவரைக் கூட்டிவந்தது கக்கூஸின் திசையைக் காட்ட. தசரதன் கக்கூஸை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து, கணக்கெழுதும் ஜெயசீலியின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டார். திரையில் செலவு, வசூல், சரக்கு என்று மூன்று விண்டோ. மேலே வடக்கு, கீழே தெற்கு என்று அவரே சொன்னார். வலது மேல்மூலையில் செலவு.

“இன்னாம்மா இப்படி வச்சிருக்க?” என்றார் குப்புராஜ். “சரி பண்ணு. இல்லாட்டி இந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு, படப்பையிலருந்து மச்சானையே மறுபடி கணக்கெழுதக் கூப்டுக்கறேன்.”

பெட்டி போனால் ஜெயசீலியும் போக வேண்டியதுதான். பெட்டிக்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்.

அவள் செலவைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள்.

“அவசரம் கூடாதும்மா. வாயால சொல்லிக்கினே செய். அப்பதான் பலன்.”

“விண்டோ தலையில மவுஸை வச்சு, அமுக்கிப் புடிச்சு இழுக்கறேன் சார்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

செலவு போய்ச் சரக்கின்மேல் ஏறிக்கொண்டது. சரக்கை வலது கீழ்மூலைக்குத் தள்ளினாள்.

“அது அக்னி மூலை. பத்திக்கும்.”

“ஐயோ, அத்தனையும் பிளாஸ்டிக் பைப்பு!” குப்புராஜ் நெஞ்சில் கை வைத்தார்.

அதையும் நகர்த்தினாள். நடுவில் பிரம்மஸ்தானம், அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது என்றார் தசரதன். மூன்றையும் ஓரம் பிடித்துச் சுருக்கினாள், சொல்லிக்கொண்டே. திரையின் நடுவில் பந்தல் போடலாம் போல இடம் கிடைத்தது. உள்ளே அடங்க எழுத்தையும் குறைத்ததில், எண்கள் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுவார்களே, அந்த அளவுக்கு வந்துவிட்டன.

வசூலைக் கன்னி மூலைக்குக் கொண்டுபோகும்போது கை தவறியது. வசூல் திரைக்கு வெளியே போய்விட்டது.

“எம்மா, வசூல் எங்கம்மா?” குப்புராஜின் குரல் ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டது. “மச்சானுக்குப் போன் போடறேன்.”

ஜெயசீலி மவுஸை நாலு பக்கமும் தேய்த்துப் பார்த்தாள். தசரதன் மட்டும் பதறவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதாம்மா முக்கியம். வெளிய போனத எப்படி உள்ள கொண்டார்றது? மெதுவா சொல்லு.”

“ஆல்ட், ஸ்பேஸ் பார், அப்பறம் எம். இப்ப அம்புக்குறியால நகத்தறேன்.”

வசூல் தலையை நீட்டியது. குப்புராஜ் போனை வைத்தார்.

“நாளைக்குத் தொறந்தாலும் இப்படியே இருக்குமா?” என்றார் தசரதன்.

“தனியா சேவ் பண்ணணும் சார்.”

“அதையும் சொல்லிக்கினே பண்ணு.”

பண்ணினாள். மச்சான் படப்பையிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. குப்புராஜ் தட்சணையோடு ஒரு பித்தளைக் குழாயும் கொடுத்து, தசரதனை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸைக் கூட்டிவிட்டு இறங்கிவந்த தனம், துடைப்பத்தோடு நின்று ஆட்டோவைப் பார்த்தாள்.

“அக்கா, இந்த ஆளு முந்தாநேத்து மாடிக்கு வந்து, ‘விண்டோவ நகத்த மட்டும் கத்துக் குடுங்க’ன்னாரு, பீசு சொன்னதும் எறங்கிப் போயிட்டாரு. நீங்க எவ்ளோக்கா வாங்கினீங்க?”