பாபுவின் வேலையைக் கார்முகில் காப்பாற்றிய விவரம்

மணிமங்கலம்,
17.11.1991

மதிப்புக்குரிய மச்சான் தாண்டவராயன் அவர்களுக்கு, முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை கோவிந்தம்மாவும் மகள் கார்முகிலும் நலம். மதுராந்தகத்தில் தாங்களும், அக்கா சுந்தராம்பாளும், தங்கள் வலது முழங்காலும் நலமாக இருக்க விரும்புகிறோம். மழை இங்கே போதுமான அளவு பெய்தது. எங்கள் தெருவுக்கு மட்டும் கூடுதலாகப் பெய்தது.

போன வருடம் உத்திரமேரூர் கல்யாணத்தில், பந்தியில் இலை போட்டு உப்பு வைத்த நேரத்தில், தாங்கள் எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொன்னீர்கள். "எல்லாரும் பொண்ண டீச்சருக்குப் படிக்க வெப்பாங்க, நர்சுக்குப் படிக்க வெப்பாங்க. எங்க முனிரத்தினம் பைத்தியத்துக்குப் படிக்க வெச்சிகிறாரு" என்றீர்கள். பந்தி முழுவதும் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவரும் சிரித்ததில் எனக்குச் சாம்பார் வராமலே போயிற்று. நான் அப்போது பதில் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். பதில் இப்போது எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும். அக்காவுக்கும் உரக்கப் படித்துக் காட்டவும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கார்முகில் படித்தது தொழில் உளவியல். எந்த ஆளுக்கு எந்த வேலை பொருந்தும், ஒரு வேலையில் மனிதன் ஏன் சோர்கிறான், எங்கே தவறுகிறான் என்று பார்ப்பதுதான் அந்தப் படிப்பு. ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில், லாரிகளுக்கு ஹெட்லைட் செய்யும் கம்பெனியில், தங்கள் மகன் பாபு இரண்டு வருடமாக வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். அதே கம்பெனியில்தான் இவளையும் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள். ஊரில் யாருக்கும் இது புரியவில்லை. கீழ்த்தெரு லூர்தம்மாள், பத்து வருடமாக வாயே திறக்காத தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய வியாதியை ஒரு மணி நேரம் விவரித்தாள். கார்முகில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு நல்லாத்தான் இருக்காரு ஆன்ட்டி. நீங்க நடுவுல கொஞ்சம் கேப் விட்டுப் பாருங்க" என்றாள். அந்த மனிதர் எழுந்து நின்று என் மகளைக் கும்பிட்டார். கம்பெனியிலும் இதே கதைதான். வேலைக்கு வருகிறவர்களின் கைவேகம் பார்க்க, துளை போட்ட பலகையில் குச்சிகளைச் செருகச் சொல்லும் பரீட்சை ஒன்று அவளிடம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "பல்லாங்குழி ஆட ஒரு மேடத்தை சம்பளம் குடுத்து வெச்சிகிறாங்கடா" என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்களாம்.

இப்படி இருக்கும்போதுதான் செப்டம்பரில் அந்த இடி விழுந்தது. மெட்ராசிலிருந்து லாரிக் கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஹெட்லைட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் கண்ணாடி கீறல், விளிம்பு உடைசல். கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் பார்த்து, நல்லது என்றால் சாக்பீசால் டிக் போட்டு அனுப்ப வேண்டியது யார் என்று தேடினார்கள். தங்கள் மகன் பாபு. தங்களுக்கு இது தெரியாது. "அப்பா கைல சொல்லாதீங்க மாமா, கால் வலியோட பஸ் ஏறி வந்து அடிப்பாரு" என்று என்னிடம் கெஞ்சினான். நானும் சொல்லவில்லை.

ஒர்க்ஸ் மேனேஜர் சிவசங்கர் என்பவர் கார்முகிலைக் கூப்பிட்டு, "மேடம், அந்தப் பையன் தூங்கறான். வேலைல கவனமே இல்ல. மனசளவுல அன்ஃபிட்னு நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்துட்டா, அவன வெளிய அனுப்பிட்டு விஷயத்த முடிச்சிடலாம்" என்றிருக்கிறார். இவள், பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாள். "உங்க ஆறு மாசமும் முடியப் போகுது, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் கார்முகில் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். தங்கள் தங்கைதான் முதலில் பேசினாள். "எங்க அண்ணன் வாய் அப்டித்தான். அதுக்குப் புள்ள இன்னா பண்ணும்?" என்றாள். கார்முகில் காலைக் கழுவிக்கொண்டே, "மாமா புள்ளன்றதுக்காக இல்லம்மா. அங்க யாரு உக்காந்திருந்தாலும் நான் பாக்காம எழுத மாட்டேன்" என்றாள். சொன்னபடியே மறுநாளிலிருந்து பாபுவின் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலை ஷிப்டு முழுவதும் அவனைப் பார்த்தாள். பிறகு அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்தாள். "கீறல் தெரிதா?" என்று பாபு கேட்டானாம். "மொதல்ல தெரிஞ்சிது. இப்ப எல்லாமே நிலா மாதிரி கீது" என்றாளாம்.

அதோடு அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரே மாதிரி விளக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால், அரை மணிக்குமேல் கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. இது சோம்பல் இல்லை, தூக்கமும் இல்லை, மனித மூளையே அப்படித்தான் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். சிவசங்கர் அதைப் படித்துவிட்டு, "கண்ணாடில கீறல் பாக்க ஒரு மூளை வேணுமா? கண்ணு இருந்தா போதும்" என்றார். "அப்ப நீங்களே உக்காருங்க சார். நாளைக்கு சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றாள் இவள். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் நானும் அங்கே இருந்தேன். எப்படி என்று கேட்பீர்கள். கார்முகில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் போக மறந்துவிட்டாள். நான் அதைப் பீரோவின் மேல் வைத்திருந்ததால்தான் மறந்தாள் என்பது வேறு விஷயம். வாட்ச்மேன் தணிகாசலத்திடம் தூக்கைக் காட்டி உள்ளே போய், செக்கிங் பிரிவின் வாசலில் நின்றுகொண்டேன். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் மேனேஜரைப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

முதல் அரை மணி மனிதர் பிரமாதமாகச் செய்தார். முடி அளவு கீறலைக்கூடத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். கார்முகில் அவ்வப்போது நல்ல விளக்குகளுக்கு நடுவே ஓர் உடைசலை நுழைத்துக்கொண்டே இருந்தாள். அவர் டிக் போட்டார். விளிம்பு பெயர்ந்த ஒன்றை அனுப்பினாள், டிக் போட்டார். கடைசியில் கண்ணாடியே இல்லாத ஒரு வெறும் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். பாபுவின் வாய் திறந்தது. இவள் விரலை உதட்டில் வைத்தாள். சிவசங்கர் அதை எடுத்தார், இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், உள் தகட்டில் அழகாக ஒரு டிக் போட்டு நல்ல விளக்குகளோடு வைத்தார்.

இதற்கு மேலும் என்னால் தாங்க முடியவில்லை. தூக்கு கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. ரசம் எல்லா இடத்துக்கும் போயிற்று. அந்தச் சத்தத்தில்தான் அவர் நிமிர்ந்தார். கார்முகில், அவர் டிக் போட்டு அனுப்பிய உடைசல்களைப் பொறுக்கி மேசைமேல் வரிசையாக வைத்தாள். கண்ணாடி இல்லாததைக் கடைசியாக வைத்தாள். அவர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"நான் தூங்கல மேடம்" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் என் மகள். "பாபுவும் தூங்கல."

மச்சான், அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரசத்தில் மிளகு தூக்கல் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சமாளித்தேன். இப்போது அந்த மேசையில் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். பார்த்தவன் எழுந்து பெட்டி கட்டுகிறான், பெட்டி கட்டியவன் உட்கார்ந்து பார்க்கிறான். மெட்ராசிலிருந்து பெட்டி திரும்புவது அடியோடு குறைந்துவிட்டது. கார்முகிலை நிரந்தரமாக்கிவிட்டார்கள், தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. சிவசங்கர் எதிரில் வந்தால் அவரே முதலில் வணக்கம் சொல்கிறார். பாபு மீதிருந்த புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். இனி அவனை அந்தக் கம்பெனியிலிருந்து அசைக்க யாராலும் முடியாது. ஆகவே அவனுக்குப் பெண் பார்க்கும் தாங்கள் தாராளமாகப் பெண் வீட்டாரிடம், பையனுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை, வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். யாரால் என்று கேட்டால், இன்னாருடைய மகளால் என்றும் சேர்த்துச் சொல்லவும். பந்தியில் சொன்னால் இன்னும் நல்லது.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது மேலிருந்து கீழே தேய்க்கச் சொல்லிக் கோவிந்தம்மா எழுதச் சொன்னாள். எல்லா நலமும் தங்கள் வீடு தேடி வரட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நடக்கும் தங்கள் மைத்துனன்,
ம. முனிரத்தினம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் பாபு வந்தான். கம்பெனி வேலையை வெள்ளிக்கிழமையே விட்டுவிட்டானாம். காரணம் கேட்டேன். எந்த வேலை பொருந்தும் என்று காட்டும் கேள்விப் பரீட்சைகளைக் கார்முகில் அவனுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறாள். நாளெல்லாம் ஆட்களோடு பேசிக்கொண்டு அலையும் வேலையில்தான் அவன் தேறுவான், ஓரிடத்தில் உட்கார வைத்தால் வாடிவிடுவான் என்று வந்திருக்கிறது. "நான் அவன வேலைய வுட்டுட்டுப் போன்னு சொல்லலப்பா. ரிசல்ட்ட மட்டும்தான் காட்னேன்" என்கிறாள். அவன் மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள் கோவில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு களை. இந்த இரண்டு வருடத்தில் அவனை இப்படி நான் பார்த்ததில்லை. தாங்கள் நேரில் வந்து அடிப்பதானால் ரயிலில் வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கவும். ஸ்டேஷன் வாசலிலேயே பஸ் நிற்கும். முழங்காலோடு படி ஏறச் சிரமமாக இருந்தால், அவனே கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவான். வயதானவர்களுக்கு அப்படித்தான் செய்கிறானாம்.