ஒரே டிரைவ், இரண்டு ஃபிளாப்பி

தற்பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். இருக்காதா பின்னே? பெங்களூரே வருஷத்துக்கு ஒரு போன் மாற்றும்போது, ஆடுகோடியில் என் ஒற்றை அறையில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓடுகிற ஐந்து கம்ப்யூட்டர்கள் உயிரோடு இருக்கின்றன. அந்தக் காலத்துத் தமிழ் எழுதும் எடிட்டர் மென்பொருள் ஒன்றைக்கூடக் கையேட்டோடு வைத்திருக்கிறேன். (படுக்கத்தான் இடமில்லை.)

அந்தப் பெருமைதான் என்னை விவேக் நகரில், ஸ்டெல்லாவின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை பார்த்தவள். இரண்டு வருடக் காதல். அவள் அப்பா அந்தோணிசாமி, கோலார் தங்க வயலில் கிளார்க்காக இருந்தவர், என்னைக் கண்டாலே செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் எழுதிய கிறிஸ்துமஸ் நாடகம் ஒரு பழைய ஃபிளாப்பியில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. திறக்கவும் ஆள் கிடையாது.

"அதைத் திறந்து குடுத்துடு. கல்யாணத்துக்கு டாடி தானா ஒத்துக்குவாரு" என்றாள் ஸ்டெல்லா.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்த சொந்தமெல்லாம் ஹாலில் கூடியிருக்க, ஆட்டோவில் கொண்டுபோன என் கம்ப்யூட்டரில் ஃபிளாப்பியைப் போட்டேன். பச்சை எழுத்தில் நாடகம் வந்தது. அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். இரண்டு வரி சத்தமாகப் படித்தார். அதோடு நான் கிளம்பியிருக்க வேண்டும்.

"இருங்க அங்கிள், சேஃப்டிக்கு ஒரு காப்பி எடுத்துடலாம்."

ஒரே டிரைவில் காப்பி எடுத்தால், டாஸ் முதலில் அசலைக் கேட்கும். பிறகு, படித்ததை எழுத, காலி ஃபிளாப்பியைக் கேட்கும்; அதில் முன்பு இருந்தது அழியும். தவறிப்போய் அசல் அழியாமலிருக்க அதன் ஓரத்துப் பள்ளத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நேற்று சேகரிக்க ஆரம்பித்தவன்கூட ஒட்டுவான். நானோ சித்தப்பாமார்களுக்கு டாஸின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டே, ஒட்டாமல், முதலில் காலியைப் போட்டேன். பிறகு அவருடையதை.

ஸ்டெல்லாதான் கேட்டாள். "டேபிள் மேல இருக்கறது உன்னோடதுதானே? அப்ப உள்ள ஓடறது?"

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னா தம்பி ஆச்சு?"

"பாதி... அழிஞ்சிடுச்சு அங்கிள்."

அவர் எழுந்து உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஃபிளாப்பியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, மானிட்டரை மடியில் வைத்து ஆட்டோவில் அழுதுகொண்டே திரும்பினேன். "டிவி ஹோய்த்தா சார்?" என்று, டிவி பழுதாகிவிட்டதென நினைத்து, டிரைவர் கன்னடத்தில் துக்கம் விசாரித்தார்.

முன்பாதி போனது போனதுதான். பின்பாதியில் எழுத்துகள் மட்டும் சிதறிக் கிடந்தன. இப்போதைய கம்ப்யூட்டரில் அவை வெறும் கிறுக்கல். என் எடிட்டரில்தான் தமிழாகும். மூன்று வாரம் துண்டு துண்டாகப் பொறுக்கிக் கோத்தேன். சும்மா சொல்லக் கூடாது, இந்த ஊரில் வேறு எவனாலும் அதைச் செய்திருக்க முடியாது! (அழிக்கவும்தான்.)

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். படித்தார்.

"குழந்தை ஏசுவப் பாத்துட்டு மூணு ஞானிங்க திரும்பிப் போறாங்க. வந்ததே காணோமேப்பா?"

தலையைக் குனிந்தேன்.

"முன்னாடி பாதிய எழுதணும். உன் மெஷின் எங்க கீது?"

அதுதான் சம்மதம் என்று ஸ்டெல்லா சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது.

கல்யாணத்துக்கு முன்பே, ஞாயிறுதோறும் என் அறைக்கு வந்து, அதே எடிட்டரில் எழுதி முடித்தார். பழையதில் இல்லாத ஒரு பாத்திரத்தையும் சேர்த்தார்: விருந்தாளியைத் தொழுவத்துக்கும் கழுதையை அறைக்கும் மாற்றி அனுப்பிவிட்டு, தன் சத்திரத்தின் பெருமையை அளந்துகொண்டே இருக்கிற ஒரு சத்திரக்காரன். வருடா வருடம் நாடகம் மேடையேறும்போது அந்த வேஷம் எனக்குத்தான். போன கிறிஸ்துமஸில் நான் கழுதைக்குப் போர்வை போர்த்தித் தாலாட்டியபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் மாமா பக்கத்திலிருந்தவரைத் தட்டிச் சொன்னது மேடைவரை கேட்டது.

"எங்க வூட்டு மாப்ள!"