எனக்கு 'டி' குறைவு

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் மனைவியை நான் ஒரு தடவைகூட 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் தைரியம் இல்லை. அப்படிப்பட்டவனின் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு டி ரொம்பக் கம்மி" என்றார்கள். இதற்கு ஊசி வேறு குத்த வேண்டுமா? என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே!

அவர்கள் சொன்னது வைட்டமின் டி. முப்பதாவது இருக்க வேண்டுமாம். எனக்குப் பதினொன்று. அதில் ஆச்சரியமில்லை. எனக்கு அலுவலகத்தில் பதிவறை வேலை. பழைய கோப்புகளோடு என்னையும் தரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு இறங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் ஏறுவேன். சூரியனும் நானும் பேசிக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

சும்மா இருந்திருக்கலாம். செல்போனை எடுத்துத் தேடினேன். 'டி குறைந்தால் புற்றுநோய் அபாயம் கூடுமா?' என்று ஒரு கட்டுரை வந்தது. கடைசியில் இருந்த கேள்விக்குறி என் கண்ணில் படவில்லை. நடுவில் இருந்த வார்த்தை பட்டது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. என் அப்பா குடல் புற்றுநோயில் போனவர். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று. "ஒரு தடவை குடலைப் பரிசோதனை பண்ணிடுங்க" என்று மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். எந்த வழியாக என்பதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் ஒருமுறை தணிக்கை என்றேன், ஒருமுறை முதுகுவலி என்றேன். சாக்கெல்லாம் தீர்ந்துபோன நேரத்தில்தான் இந்தப் பதினொன்று வந்து கை கொடுத்தது.

"இந்தா பாரு, எனக்கு டி பதினொண்ணு."

"அதுக்கு?"

"டி இல்லாத உடம்புல குழாய் விடலாமா? அஸ்திவாரமே ஆடுது. முதல்ல டி ஏறட்டும். நாப்பதைத் தொட்டுட்டா நீ கூப்பிட்ட இடத்துக்கு வரேன்."

"கூப்பிட்ட இடத்துக்கா?"

"கூப்பிட்ட இடத்துக்கு."

"நாப்பது?"

"நாப்பது."

"எழுதிக் குடுங்க."

என் மனைவி கணக்கு டீச்சர். எதையும் வாய்வார்த்தையோடு விடமாட்டாள். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உள்ளே நான் வேறு கணக்குப் போட்டிருந்தேன். நாற்பதைத் தொட்டால் குழாய். முப்பதைத் தொடாவிட்டால் கட்டுரையில் சொன்ன வியாதி. ஆகவே முப்பத்தொன்பதில் போய் நின்றுவிடுவது! ஆயுசுக்கும் அங்கேயே நிற்பது!

வாரம் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். முதல் மாத்திரையை விழுங்கினேன். அன்றைக்கே உடம்பில் ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன். ஒன்றுக்கே இப்படியென்றால் நாலாவது வாரமே நாற்பது வந்துவிடாதா? அடுத்த வாரத்திலிருந்து மாத்திரை வாய்க்குள் போகும், தண்ணீர் தொண்டைக்குள் போகும். மனைவி திரும்பியதும் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவளே என்னை மொட்டைமாடிக்கு அனுப்பினாள். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு, போதாததற்குக் குடையையும் விரித்துக்கொண்டேன். எதிர்வீட்டு போட்டோகிராபர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வெயில் காயுறீங்களா, வெயிலுக்கு ஒளியுறீங்களா?"

"சிகிச்சை சார்."

"குடை பிடிச்சுக்கிட்டா?"

"டோஸ் கூடிடக் கூடாது பாருங்க."

மூன்று மாதம் இப்படியே ஓடியது. இருவருமாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு தாளோடு ஓடி வந்தாள்.

"நாப்பத்தாறு!"

கன்னத்தில் கீறிக்கொண்டேன். தாளை என் மூக்குக்கு நேரே நீட்டி எண்ணின்மேல் விரல் வைத்துக் காட்டினாள். நாற்பத்தாறேதான்.

"எப்படி ஏறும்? ஒரே ஒரு மாத்திரைதானே..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு மாத்திரையா?"

"வாரத்துக்கு ஒரு மாத்திரைதானே. அதுக்கே இவ்வளவு ஏறியிருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்."

"எனக்கும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணி. லீவு சொல்லிடுங்க."

உண்மையைச் சொன்னால் பதினொரு வாரத் திருட்டுத்தனம் வெளியே வரும். சொல்லாவிட்டால் குழாய் உள்ளே போகும். இரண்டில் குழாயே மேல் என்று தோன்றியது. என் மனைவியைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

முதல் நாள் குடல் சுத்தமாவதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். அதைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது.

மறுநாள் கட்டிலில் படுக்கும் முன் டாக்டரம்மாவிடம் கடைசி முயற்சியாகக் கேட்டேன்.

"டி நாப்பத்தாறு ஆயிடுச்சு டாக்டர். இனிமே புற்றுநோய் கிட்ட வராதே. இது அவசியமா?"

"டி கம்மியா இருக்கிறவங்களுக்குச் சில புற்றுநோய் கொஞ்சம் அதிகமா வருதுன்னு பாத்திருக்காங்க சார். ஆனா டி குறைஞ்சதால நோய் வந்ததா, உடம்பு முடியாம வீட்டுக்குள்ளயே கிடந்ததால டி குறைஞ்சதாங்கிறது இன்னும் தெளிவாகல. எலும்புக்கு நல்லது, மாத்திரையைப் போடுங்க. அதைப் போட்டா புற்றுநோய் வராதுன்னு நான் எழுதித் தரமாட்டேன். அப்பாவுக்கு எத்தனை வயசுல?"

"அம்பத்தெட்டு."

"அப்ப படுங்க."

படுத்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கைக்கடிகாரத்தைத் தன் கையில் கட்டியிருந்தாள்.

"ரெண்டு சின்ன சதை வளர்ச்சி இருந்தது, எடுத்துட்டோம்" என்றார் டாக்டரம்மா. "சோதனைக்கு அனுப்பியிருக்கோம். பயப்பட ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா இப்படியே விட்டிருந்தா நாலஞ்சு வருஷத்துல வேற மாதிரி ஆகியிருக்கலாம்."

ஐம்பத்து மூன்றோடு ஐந்தைக் கூட்டிப் பார்த்தேன். மனைவியும் கூட்டியிருப்பாள். என் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. கெடுதல் எதுவும் இல்லை. அந்தத் தாளைக் கோப்பில் வைக்கப் போனபோதுதான் பழைய நாற்பத்தாறு கையில் தட்டுப்பட்டது. பதிவறைப் புத்தி, மேலே இருந்து வாசித்தேன். வயது நாற்பத்தொன்பது. பாலினம் பெண். அதற்கடியில் இன்னொரு தாள். வயது ஐம்பத்து மூன்று, ஆண். டி பதினாலு.

"இந்த நாப்பத்தாறு யாரோடது?"

"என்னோடது. அன்னிக்கு நானும்தானே ரத்தம் குடுத்தேன்?"

"நாப்பத்தாறுன்னு சொன்னியே!"

"நாப்பத்தாறுன்னுதான் சொன்னேன். உங்களுக்குன்னு சொன்னேனா?"

"இது மோசடி! ஒப்பந்தப்படி நான் போயிருக்கவே வேண்டாம்!"

"அதுவும் சரிதான். டாக்டர்கிட்ட சொல்லி அந்த ரெண்டையும் திரும்ப உள்ள வெக்கச் சொல்லவா?"

அவள் அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே மாத்திரைகள். மண் ஒட்டியிருந்தன.

"வாராவாரம் ஜன்னலுக்குக் கீழ பொறுக்கினது. பதினொண்ணு இருக்கு, வேணும்னா எண்ணிக்குங்க. இருபது வருஷமா பரீட்சை ஹால்ல பிட்டு பிடிக்கிறவ நான்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"பிட்டு அடிக்கிறவனை முதல் பக்கத்துலயே பிடிக்கக் கூடாதுங்க. எழுதி முடிக்கட்டும்னு விடணும்."

சொல்லிவிட்டு ஒரு புது அட்டையிலிருந்து மாத்திரையை உடைத்து எடுத்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஜன்னலைச் சாத்தினாள். நான் விழுங்கினேன்.

"வாயைத் திறங்க" என்றாள்.

திறந்தேன்.

"நாக்கைத் தூக்குங்க."