தாய்மாமன் முதுகுல டிராகன்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலைங்க. விழுப்புரத்துல பஸ் ஏறி திண்டிவனம் போவணும், அக்கா பொண்ண மடியில வெச்சிக்கணும், காது குத்தி முடிக்கிற வரைக்கும் ஆடாம ஒக்காரணும். ஒரு நாற்காலியே செஞ்சிடற வேலை.

அக்கா மொத நாளே போன்ல சொல்லிடுச்சி. எனக்குப் பாத்திருக்குற பொண்ணோட அப்பா கோயிலுக்கு வர்றாராம், எட்ட நின்னு என்னைப் பாத்துட்டுப் போவாராம், ஒழுங்கு மரியாதையா வந்து சேருன்னு. முப்பத்தி ரெண்டு வயசுல எனக்கு அமைஞ்ச மொத நல்ல எடங்க அது.

இதுல ஜப்பான்காரன் எங்க வந்தான்னு கேப்பீங்க.

ஒரு மாசமா ஜப்பான் யாகுசா படங்களா பாத்துக்கினு கெடக்கேன். யாகுசான்னா அந்த ஊரு தாதாங்க. ஒரு படம் ஓடிட்டா வுட மாட்டானுங்க, ரெண்டு, மூணு, நாலுன்னு போய்க்கினே இருக்கும். மொத பார்ட்ல செத்தவன் ரெண்டாவது பார்ட்ல மீசை வெச்சிக்கினு வேற பேர்ல வருவான். கூட இருக்குறவன் எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். நானும் கேக்கல.

ஆனா ஒரு சீன் எல்லா பார்ட்லயும் உண்டு. ஹீரோ மேல்துணிய சர்ருன்னு எறக்குவான், முதுகு பூரா டிராகன். எதிர்ல நிக்கிறவன் வெலவெலத்துப் போயிடுவான்.

எனக்கும் ஆசை வந்துடுச்சி. ஆன்லைன்ல முதுகு சைசுக்கு டிராகன் ஸ்டிக்கர் வாங்கிட்டேன். தண்ணி பட்டா போயிடும்னு அட்டையில போட்டிருந்தான். சனிக்கிழமை ரூம்மேட் சேகரு ஒட்டி வுட்டான். ஒரு போட்டோ எடுத்துட்டு கழுவிடலாம்னு பிளான்.

கழுவினா போவல. சோப்பு, சீயக்கா, பாத்திரம் தேய்க்கிற நாரு, எதுக்கும் அசையல. கடைசியா தேங்காண்ணெய் போட்டு தேச்சான். டிராகன் பளபளன்னு மினுக்குது. சேகரு ரெண்டடி தள்ளி நின்னு பாத்துட்டு, "இப்பதான் மச்சான் சூப்பரா இருக்குது"ன்றான்.

சரி, சட்டைக்குள்ளதான இருக்குது, எவன் பாக்கப் போறான்னு பஸ் ஏறிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுறதுக்குள்ள ஆறாவது பார்ட்ட வேற ஆரம்பிச்சிட்டேன்.

கோயில்ல பூசாரி சட்டைய கழட்டச் சொன்னாரு. அங்க தாய்மாமன் வெத்து ஒடம்போடதான் மடியில வெச்சிக்கணுமாம். பேஜாரா பூடுச்சி. குளிருதுங்கன்னேன். வெளிய தார் ரோடு உருகிக்கினு இருக்குது. அக்கா வூட்டுக்காரரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

துண்ட இழுத்துப் போத்திக்கினு, உள்ளாறயே சட்டைய உருவிப் போட்டுட்டு ஒருவழியா ஒக்காந்துட்டேன். எதிர்ல எனக்குப் பாத்த பொண்ணோட அப்பா. அடக்கமா சிரிச்சி வெச்சேன்.

ஆசாரி ஊசிய வெச்சாரு. பாப்பா வீல்னு கத்திக்கினு கைக்கு கெடச்சத புடிச்சி இழுத்துச்சி. கெடச்சது துண்டு.

என் பின்னால இருந்த மேளம் நின்னு போச்சி. அப்புறம் எதிர்ல நின்ன கூட்டம் ஒவ்வொருத்தரா என் முதுகுப் பக்கம் போவுது. போட்டோகாரரும் போயிட்டாரு. எனக்கு முன்னால மிச்சம் இருந்தது ஆசாரியும், குத்தாத இன்னொரு காதும்தான்.

பொண்ணோட அப்பாவும் போயி நின்னு நிதானமா பாத்தாரு. செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சிங்க.

சாயந்தரம் அக்கா மனசு கேக்காம அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிச்சி. "ஐயா, என் தம்பி ரவுடியெல்லாம் இல்லீங்க. சினிமா பாத்துட்டு ஒட்டிக்கின ஸ்டிக்கருங்க அது."

அதுக்கு அவரு சொன்னது இதாங்க.

"ரவுடின்னாகூட ஒரு கல்யாணத்த பண்ணி வெச்சா திருந்திடுவான்மா. முப்பத்தி ரெண்டு வயசுல ஸ்டிக்கர் ஒட்டிக்கிறவன என்னாம்மா பண்றது?"