கொசு பேட்டுடன் ஒரு முகமூடி மனிதன்

பயப்படுவதற்குத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. ஒரு குழந்தை பிறந்தால் போதும். மகள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு எழுந்துவிட்டால், ஏன் எழுந்தாள் என்று கவலைப்படுவேன். (இன்றைக்கும் அப்படித்தான். அவளுக்கு மூன்று வயது.)

அப்படிப்பட்ட நான், அவள் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு ஞாயிறு மதியம் அவளைக் கணவரிடம் விட்டுவிட்டு சினிமா பார்க்கப் போனேன். தொலைவில்லை, முகப்பேரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்து ஹால்தான். ஆனால் அந்தப் படத்துக்காகப் பதினெட்டு வருடம் காத்திருந்தேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அம்பத்தூரில் இருந்தோம். பாடியில் ஃபாக்டரி வேலை பார்த்த அப்பாவுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. டிவியில் கறுப்பு வெள்ளை மர்மப் படம் போட்டால், ஜன்னல்களைச் சாத்திவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். மலை பங்களா, மழைக்கோட்டு, சுவரில் நகரும் நிழல். ஒரு படத்தில் கொலைகாரன் முகமூடியைக் கழற்றக் கை வைத்த நொடியில் கரண்ட் போனது. அப்பா அதை இளவயதில் மூன்று முறை பார்த்தவர். யார் என்று கேட்டு அழுதேன்.

"சொல்லிட்டா படம் செத்துடும்மா. இன்னொரு நாள் போடுவான், சேந்தே பாப்போம்" என்றார்.

போடவே இல்லை. இணையத்தில் கடைசிப் பகுதி இல்லாத பிரதிதான் கிடைத்தது. என் கல்யாணத்தன்று கேட்டபோதும் அப்பா அதே பதில்தான் சொன்னார். மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம் போய்விட்டார், கொலைகாரனின் பெயரையும் எடுத்துக்கொண்டு.

அதனால்தான், எங்கள் அடுக்ககச் சங்கத் தலைவர் கமாலுதீன் அங்கிள் (பூந்தமல்லிக்காரர், பழைய படப் பித்தர்) முழுப் பிரதியும் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது லிஃப்டிலேயே அழுதேன். படம் ஓட்ட லாப்டாப் வேண்டும் என்றார். என்னுடையதைக் கொடுத்தேன்.

அங்கேதான் தப்பு. தொட்டிலுக்கு மேல் ஒரு கேமரா மாட்டியிருந்தேன். தொட்டிலை ஆள் யாராவது நெருங்கினால், லாப்டாப்பில் எது ஓடினாலும் அதன்மேல் அந்தக் காட்சி தானாக வந்து நிறையும்படி செய்திருந்தேன். (அலுவலக மீட்டிங்குகளுக்காகச் செய்த ஏற்பாடு. சுத்தமாக மறந்துவிட்டேன்.) குழந்தை தானாக எழும்வரை அறைக்குள் போகக்கூடாது என்று கணவருக்கு உத்தரவும் போட்டிருந்தேன்.

ஹாலில் முப்பது பெரியவர்கள். கடைசிப் பத்து நிமிடம். கொலைகாரன் முகமூடியில் கை வைத்தான். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

திரை மாறியது. இருட்டறை. இருட்டில் எங்கள் கேமரா எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாகத்தான் காட்டும். படத்தின் திகில் இசை மட்டும் பின்னால் தொடர்ந்தது. இடப்பக்கமிருந்து ஒரு தடித்த உருவம் வந்தது. தலையும் முகமும் வெள்ளைத் துணியில் மூடியிருந்தன. கண்கள் பூனைக்கண் போல மின்னின. கையில் ஏதோ ஆயுதம். அடிமேல் அடி வைத்துத் தொட்டிலை நோக்கி நகர்ந்தது.

"ஐயய்யோ, பிள்ளைய தூக்கப் போறான்" என்றார் முன்வரிசை சரோஜா ஆன்ட்டி.

கமாலுதீன் அங்கிள் மட்டும் குழம்பினார். "இந்த சீன நான் பாத்ததே இல்லியே..."

தொட்டிலில் தொங்கிய யானை பொம்மை எங்களுடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த உருவம் கட்டியிருந்த லுங்கியும் எங்களுடையதுதான் என்பது மட்டும் ஏனோ தெரியவில்லை. அலறிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே முப்பது பேரும், கைத்தடிகள் சகிதம்.

"இன்னாக்கா ஆச்சு? நான் கேட்டாண்டயேதான கீறேன், எவன் மேல போவான்?" என்று கேட்டுக்கொண்டே வாட்ச்மேனும் கூட ஓடிவந்தார்.

மூன்றாவது மாடி. கதவைத் தள்ளினேன். உருவம் திரும்பியது. ஜலதோஷத்துக்கு ஆவி பிடித்துவிட்டு, காற்றுப் படாமலிருக்கத் துண்டை முகம் வரை சுற்றியிருந்த என் கணவர். கையில் கொசு பேட்.

"ஷ்ஷ்... ஒரே ஒரு கொசுதான்" என்றார். "எழுப்பிடாத."

குழந்தை கண்விழித்து, அத்தனை பேரையும் பார்த்து, என்னைப் பார்த்துத்தான் வீறிட்டது.

நாங்கள் கீழே திரும்பியபோது படம் முடிந்துபோயிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ஹாலைக் கொடுத்திருந்தார்கள். பலூன்கள் வந்து இறங்கின.

படம் இன்னும் என் லாப்டாப்பில்தான் இருக்கிறது. பலமுறை கடைசிப் பத்து நிமிடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன். ஓடவிடவில்லை. பார்த்துவிட்டால் அப்பாவை நச்சரிக்க என்னிடம் எதுவும் மிஞ்சாது. (இதுவும் ஒருவிதப் பயம்தானோ என்னவோ.) அங்கிளுக்கு முடிவு தெரியும், லிஃப்டில் அவர் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு யார் என்ற சந்தேகமே இல்லை. கொலைகாரன் மூன்றாவது மாடிக்காரர்தான் என்று எங்கள் பிளாக்கே முடிவு செய்துவிட்டது. அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். இப்போதெல்லாம் ஆவி பிடித்தால், அறை வாசலிலேயே நின்று, "நான்தான் வரேன். லுங்கிய நல்லா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.