சிலோட்டி முற்றத்தில் நம்பர் நாற்பத்தேழு

காண்டாகால்,
ஐப்பசி மாதம் ஒன்பதாம் நாள்.

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் சோபன் சிங் பண்டாரி அவர்களின் பாதங்களுக்கு, தங்கள் தங்கை சுரேசியின் கணவனும், மின்சார இலாகாவில் முப்பத்தோரு வருடம் லைன்மேனாக இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்றவனுமாகிய தூம் சிங் குசாயீன் நூறு முறை விழுந்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாடும் சுகம். பூமியாள் தெய்வத்தின் அருளால் அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும், எருமைகள் இரண்டும், மற்றும் அங்கே தங்கியிருக்கும் யாவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். "மற்றும் யாவரும்" என்பதில் யார் அடக்கம் என்று தங்களுக்கே தெரியும்.

பால்வண்டிக்காரர் மூலம் தாங்கள் சொல்லியனுப்பிய இரண்டு விஷயங்களும் வந்து சேர்ந்தன. ஒன்று, மலையோட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் தங்கள் கேழ்வரகு வயலை மிதித்துத் துவைத்துவிட்டார்கள் என்பது. இரண்டு, "மாப்பிள்ளை பொண்டாட்டியக் கூப்பிடத்தான் வந்தாரு, வாய்தான் வரல" என்று தாங்கள் தங்கள் ஊரான சிலோட்டி முழுவதும் சொல்லி வருவது. வயலை மிதித்ததற்குக் காரணம் போட்டி நடத்தியவர்களின் மூளையில்லாத்தனம். ஒருவன் வீட்டு முற்றத்தின் வழியாகவா ஓட்டப் பாதை போடுவார்கள்? இரண்டாவது விஷயம் சுத்தப் பொய். நான் கூப்பிட வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன், வழியில் தங்கள் வீடு இருந்தது, அவ்வளவுதான்.

நம் பக்கத்து முறையை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய்வீடு போன பெண், அண்ணன் அர்சாப் பணியாரம் நிறைத்த கூடையோடு அனுப்பாமல் திரும்ப மாட்டாள். கணவனும், அழைப்பு வராமல் மாமனார் வீட்டுப் படியேற மாட்டான். நான் வந்து கேட்டால் கூடை கட்டலாம் என்று தாங்கள் அங்கே இருக்கிறீர்கள், தாங்கள் அழைத்தால் வரலாம் என்று நான் இங்கே இருக்கிறேன், நடுவில் ஏழு மாதம் போய்விட்டது. பங்குனியில் தங்கள் மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனாள் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை என்பதை அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன். ஓய்வு பெற்றபின் ஆறு மாதம் எனக்கு வேலை இல்லை, ஆனால் கண் சும்மா இருக்குமா? லைன் பார்த்துப் பழகிய கண். அவள் மசாலா டப்பாக்களை வரிசை மாற்றி வைத்து ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். புல் கட்டைக் கட்டும்போது பக்கத்தில் நின்று, முடிச்சு இப்படிப் போடு என்றேன். அவள் பதினெட்டு வயதிலிருந்து புல் கட்டுகிறவள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது, ஏதோ பேச்சில், "நீ இல்லாமலும் இந்த வீடு நடக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் அரிவாளை ஆணியில் மாட்டினாள், சால்வையை எடுத்துக்கொண்டாள், "நடத்துங்க" என்றாள்.

நடத்தி வருகிறேன், மச்சான். எல்லாம் நன்றாகவே நடக்கிறது. மாடு மட்டும் என்னைக் கிட்டே விடுவதில்லை, அவளுடைய பழைய சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு போனால்தான் கறக்க விடுகிறது. இதைத் தெருவில் இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். பெயர் ஒட்டிய டப்பாக்களில் ஒட்டு எல்லாம் மழையில் உரிந்துவிட்டது, எது மஞ்சள் எது கொத்தமல்லி என்று நக்கிப் பார்த்துத்தான் போடுகிறேன். ஏழு மாதமாகக் கிச்சடி சாப்பிடுகிறேன், கிச்சடி உடம்புக்கு நல்லது.

இந்த நிலையில்தான் மகிபாலின் டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஐந்து நாள், இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், காடும் மலையுமாக அல்ட்ரா மாரத்தான். கீழே ஒரு வரைபடம், அதில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டே போனேன், மூன்றாம் நாளில் சிலோட்டி வந்தது. என்ன செய்ய? வரைபடத்தில் இருப்பதை நானா மாற்ற முடியும்? பெயர் கொடுத்துவிட்டேன். மகிபால் கடையே சிரித்தது.

"லைன்மேன் சாப், அறுபத்தோரு வயசுல எதுக்கு இந்த ஓட்டம்? பின்னாடி யாராவது துரத்துறாங்களா?"

"உடம்புக்கு நல்லதுடா."

"அப்ப கிச்சடி எதுக்கு?"

போட்டிக்கு வந்தவர்களைத் தாங்கள் பார்க்க வேண்டும். புனேக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், ஒரு ஜெர்மன்காரர். இரண்டு கையிலும் ஊன்றுகோல், முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை, பசை மாதிரி ஒன்றைப் பிதுக்கிப் பிதுக்கி விழுங்குகிறார்கள். நான் இலாகா கொடுத்த கான்வாஸ் ஷூவும், சட்டைப் பையில் வறுத்த சோயாவும் வெல்லமுமாகப் போய் நின்றேன். நெஞ்சில் நாற்பத்தேழு என்று ஒரு துணியைக் குத்திவிட்டார்கள். முதல் நாள் என் கால் யாருக்கும் சளைக்கவில்லை. அந்த மலையெல்லாம் நான் கம்பத்தோடு ஏறிய மலை. என்னைக் கெடுத்தது கால் இல்லை, மச்சான், முகம். வழியில் எல்லா ஊருக்கும் என் முகம் தெரியும். மல்லா டோலியில் நுழைந்ததும் ஒரு கிழவர் கைத்தடியை நீட்டி மறித்தார்.

"வாய்யா வா! மூணு நாளா கரண்ட் இல்ல. இப்பத்தான் வர நேரம் கிடைச்சுதா?"

"நான் ஓய்வு பெற்றாச்சு சாச்சா, ஓட்டப் போட்டியில ஓடிக்கிட்டு இருக்கேன்."

"ஓடி வந்தது நல்லதுதான், சீக்கிரம் வந்துட்டே. கம்பம் அங்க இருக்கு, ஏறு."

ஏறினேன். என்ன செய்வது, கீழே பதினைந்து பேர் நின்று அண்ணாந்து பார்க்கும்போது நம்பர் போட்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வருமா? ஃப்யூஸ் போட்டுக்கொண்டிருக்கையில் கீழே புனேக்காரர்கள் கடந்து போனார்கள், அவர்களில் ஒருத்தர் என்னைப் படம் எடுத்தார். அடுத்த ஊரில் மீட்டர், அதற்கடுத்த ஊரில் மாவு மில். அன்று மாலை கூடாரம் போய்ச் சேர்ந்தபோது அன்றைக்குக் கொடுத்த கெடு முடியப் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

இரண்டாம் நாள் காலை வேறு தொந்தரவு ஆரம்பித்தது. விக்கல். தேவதாருக் காட்டில் ஏறத் தொடங்கியதும் வந்தது, நாள் முழுக்க விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஏற்றத்தில் மூச்சு ஒரு பக்கம் இழுக்கிறது, விக்கல் ஒரு பக்கம் தூக்கிப் போடுகிறது. தாங்கள் சிரிக்கலாம், ஆனால் யாராவது நினைக்காமல் நமக்கு எப்போது விக்கியிருக்கிறது? எனக்கு இந்த உலகத்தில் நினைக்க யார் இருக்கிறார்கள்? மாடு நினைக்காது. ஓடிக்கொண்டே மணி பார்த்து வந்தேன். ஏழு மணிக்கு ஒரு விக்கல், அது பால் கறக்கும் நேரம். பதினொன்றுக்கு நான்கு விக்கல், புல்லுக்குப் போய் வந்து வெயிலில் கால் நீட்டி உட்காரும் நேரம். இரண்டு மணிக்கு ஒன்றுமில்லை, தூங்கியிருப்பாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மச்சான், அன்று முழுவதும் நான் தனியாக ஓடவில்லை.

மாலையில் போட்டியின் டாக்டரம்மா பிடித்து உட்கார வைத்துவிட்டார். டெல்லியில் வளர்ந்தவர், நம் வழக்கம் தெரியாது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார், தண்ணீரைக் குனிந்து குடிக்கச் சொன்னார், ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"மாத்திரை வேண்டாம் டாக்டரம்மா."

"ஏன்? காலைலேர்ந்து விக்கிட்டு இருக்கீங்க. இந்த வயசுல இது இதயத்துல இருந்துகூட வரலாம்."

"அங்க இருந்துதான் வருது. நிறுத்திடாதீங்க."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"யாரு?" என்றார்.

"வீட்டுக்காரி. நாளைக்கு அவ ஊர் வழியாத்தான் போறோம்."

மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டார். காலையில் ரத்தக் கொதிப்பு கூடினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினார். காலையில் கூடியிருந்தது, நானே எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு புள்ளி குறைத்து எழுதினார்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு மலை முகட்டில் ஏறினேன். கீழே சிலோட்டி தெரிந்தது. ஸ்லேட்டுக் கூரை, வால்நட் மரம், தங்கள் கேழ்வரகு வயல், முற்றத்தில் காயப்போட்ட மிளகாய். அந்த இடத்தில் விக்கல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கவில்லை, சட்டென்று நின்றுவிட்டது. இறங்க இறங்கக் காத்திருக்கிறேன், வரவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து நினைத்தவள், நான் வாசலுக்கு வரும்போது மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மச்சான், இந்த இருநூற்றுப் பத்து கிலோமீட்டரில் என் கால் தளர்ந்த ஒரே இடம் அந்த இறக்கம்தான். பின்னால் வந்த ஜெர்மன்காரர் கூட என்னைத் தாண்டிப் போனார்.

முற்றத்தில் நடந்ததைத்தான் தாங்களே பார்த்தீர்களே. போட்டியில் மிச்சமிருந்த பதினொரு பேரும் எனக்கு முன்னே வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், முற்றத்தில் கால் வைத்த மனிதரை டீ கொடுக்காமல் விடும் பழக்கம் சிலோட்டிக்கு ஏது? தாங்கள் வாசலிலிருந்து, "மாப்பிள்ள, உள்ள வாங்க, பாய் போடச் சொல்றேன்!" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. உள்ளே வந்திருக்க வேண்டும். ஏழு மாதமாக நான் காத்திருந்த அழைப்பு அது. நான் என்ன சொன்னேன்? "நேரம் ஓடுது மச்சான், போட்டியில இருக்கேன்" என்று நெஞ்சிலிருந்த நம்பரைத் தட்டிக் காட்டினேன். அந்த நம்பரை அப்போதே பிய்த்து எறிந்திருக்கலாம். அவள் கெட்டிலோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். என் முன்னால் நின்று நம்பரைப் படித்தாள்.

"நாப்பத்தேழு, சக்கரை வேணுமா?"

முப்பத்தாறு வருடம் எனக்கு டீ போட்டவள். எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

"வேண்டாம்" என்றேன்.

மூன்று கரண்டி போட்டாள். நான் எப்போதும் குடிக்கும் அதே மூன்று கரண்டி. கலக்கிக்கொண்டே என் ஷூவைப் பார்த்தாள், பெருவிரல் வெளியே வந்திருந்தது.

"இந்த ஷூவிலயா வந்தீங்க?"

"ஆமா."

"வீடு எப்படி இருக்கு?"

மச்சான், அந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று நாள் ஓடினேன். இல்லை, ஓட்டப் போட்டிக்காக ஓடினேன், ஆனால் அந்தக் கேள்வி வந்தது. பதிலெல்லாம் வழியில் யோசித்து வைத்திருந்தேன், மாட்டைப் பற்றி, சேலையைப் பற்றி, கிச்சடியைப் பற்றி. பதினொரு பேர் பார்க்கிறார்கள். வாய் திறந்தால், "நல்லா இருக்கு" என்று வந்தது.

"அப்ப சரி. ஓடுங்க, நேரமாச்சு" என்றாள்.

ஓடினேன். எதிர் மேடேறி ஓக் மரங்களுக்குள் நுழைந்து தங்கள் வீடு மறைந்த அந்த இடத்தில், மச்சான், விக்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் புரிந்தது. நான் முகட்டில் தலை காட்டியதிலிருந்தே அவள் முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை யாராவது நினைப்பார்களா? கண்ணிலிருந்து மறைந்த பிறகுதானே நினைக்க வேண்டியிருக்கிறது. மறுபடி இறங்கி வந்திருக்கலாம். கீழே பார்த்தேன், ஏறி வந்த வழி அப்படியே இருந்தது. எழுந்து, ஓட்டம் முடியும் பக்கமாகவே போனேன். என்னைவிட முட்டாளை அந்த மலை பார்த்திருக்காது.

ஐந்தாம் நாள் கடைசி ஆளாக வந்து சேர்ந்தேன். கை தட்டினார்கள், ஒரு பதக்கம் போட்டார்கள். அவள் அரிவாள் மாட்டும் ஆணியில் அரிவாளுக்கு மேலே அதை மாட்டியிருக்கிறேன். நன்றாக இருக்கிறது, யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே நான் கூப்பிட வரவில்லை என்பதைத் தாங்கள் சிலோட்டியில் அனைவருக்கும் தெளிவுபடுத்த வேண்டும். வயலுக்கான நஷ்டத்தைப் போட்டி நடத்தியவர்களிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் நானே சாட்சி சொல்கிறேன். அவளிடம் இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்லவும். வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, எருமைகளுக்கு நல்ல புல்.

தங்கள் பணிவுள்ள,
தூம் சிங் குசாயீன்

பின்குறிப்பு: வரைபடத்தில் சிலோட்டி இல்லை. பாதை முகட்டோடு நேராகப் போகிறது. போட்டிக்கு முந்தின வாரம் வழி நெடுக ஆரஞ்சு ரிப்பன் கட்ட உள்ளூர் வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று மகிபால் கடையில் கேட்டார்கள். முப்பத்தோரு வருடம் லைன் பார்த்தவனை விட்டால் வேறு யார்? முகட்டிலிருந்து தங்கள் கேழ்வரகு வயல் வழியாக முற்றத்துக்கும், அங்கிருந்து மறுபடி மேட்டுக்கும் ரிப்பன் கட்டியவன் நான்தான். பாவம் அந்தப் பதினொரு பேர், அதை நம்பி வந்துவிட்டார்கள். வயல் அறுப்புக்கு நானே வந்து ஆளாக நிற்கிறேன். இன்னொன்று, வீடு நன்றாக இல்லை. இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டவும். மிச்சமிருந்த ரிப்பனை நேற்றுத் தங்கள் ஊர் எல்லை வால்நட் மரத்திலிருந்து எங்கள் வாசல் வரை கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்கு வழி தெரியும், இருந்தாலும் இருக்கட்டும். கூடை கட்டிவிட்டுச் சொல்லியனுப்புங்கள், தூக்க நானே வருகிறேன். இந்தத் தடவை நெஞ்சில் நம்பர் குத்திக்கொள்ளாமல் வருவேன். சர்க்கரை வேணுமா என்று அவள் கேட்டால், மூன்று கரண்டி என்று வாய் திறந்து சொல்வேன்.